காங் கிராமம், மேயோ: அந்தப் படத்தைத் தாண்டி என்ன இருக்கிறது?

காரிப்கரை
எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்தின் மேற்கில், கால்வே நகரிலிருந்து வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில் காங் என்று ஒரு சின்ன ஊர். காரிப் ஏரிக்கும் மாஸ்க் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கோடை விடுமுறையில் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப் போகலாம் என்று யோசனை. முன்னோட்டமாக நாங்கள் சிலர் போய்ப் பார்த்தோம். எங்கே திரும்பினாலும் 1951-இல் அங்கே எடுத்த "தி கொயட் மேன்" என்ற ஹாலிவுட் படம்தான். ஜான் வேயின் மோரீன் ஓ'ஹாராவைக் கையில் தூக்கி வைத்திருக்கும் சிலை, படத்தில் வரும் குடிசையின் நகல், படம் பிடித்த இடங்களுக்கு வழிகாட்டி நடை. பக்கத்திலேயே பெரிய மடாலய இடிபாடு இருக்கிறது, அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் எழுதுங்கள். பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள். சலிப்பாகிவிடக் கூடாது.

மழைக்கோட்டு
படத்தை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். அந்தப் பகுதியில் வேலை கிடைக்காமல் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஊர்க்காரர்கள் பலருக்குப் படப்பிடிப்பில் கூலி கிடைத்தது. மின்சாரம் வந்ததே அந்தப் படத்தை ஒட்டித்தான் என்று இன்றும் சொல்வார்கள். படத்தில் மதுக்கடையாகக் காட்டிய இடம் அப்போது மளிகைக் கடை. பல வருடம் கழித்து அது நிஜமாகவே மதுக்கடை ஆனது. எழுபது வருடத்துக்கு மேல் ஊருக்குச் சோறு போடுகிற விஷயமும் பாரம்பரியம்தானே?

ஏட்டுச்சுவடி
காரிப்கரை, மடாலயத்தைப் பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அங்கே 7-ஆம் நூற்றாண்டில் புனித ஃபேக்கின் பெயரோடு ஒரு சபை இருந்தது. இப்போது நீங்கள் பார்த்த கல் கட்டடம் அதற்கு வெகு காலம் பிந்தியது. 12-ஆம் நூற்றாண்டில், மேற்கு அயர்லாந்தின் கொனாக்ட் பகுதி அரசர் டர்லோ ஓ'கானர் அகஸ்டீனியத் துறவிகளுக்காக மடாலயத்தைப் புதிதாக எழுப்பினார். இன்று நிற்கும் வாசல் வளைவுகளும் துறவிகள் நடக்கும் முற்றத்தின் தூண்களும் பெரும்பாலும் 1200-ஐ ஒட்டிய வேலைப்பாடு. தூண்களின் தலைப்பகுதியில் இலையும் கொடியுமாகச் செதுக்கியிருப்பார்கள். பிள்ளைகளை நிறுத்தி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் சில கற்கள் மட்டும் விளிம்பு மழுங்காமல் கூர்மையாக இருக்கும். அவை 1860-களில் கின்னஸ் குடும்பத்தின் செலவில் பீட்டர் ஃபாய் என்ற உள்ளூர்ச் சிற்பி வெட்டிச் சேர்த்தவை. எது பழசு, எது புதுசு என்று கண்டுபிடிக்கச் சொன்னால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

டர்லோவின் மகன் ரோரி ஓ'கானர்தான் அயர்லாந்தின் கடைசி உயர் அரசர். நார்மன்கள் வந்து இறங்கியது இவர் காலத்தில். 1175-இல் வின்ட்சரில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியோடு ஒப்பந்தம் போட்டார். அது நிலைக்கவில்லை. அப்புறம் சொந்தப் பிள்ளைகளோடேயே சண்டை. கடைசியில் ஆட்சியை விட்டு காங் மடாலயத்துக்கு வந்து ஒதுங்கி, 1198-இல் இறந்தார். இங்கேதான் புதைத்தார்கள் என்று ஊரில் சிலர் கல்லைக் காட்டுவார்கள். பழைய ஆண்டுக்குறிப்புகளின்படி உடல் ஷானன் நதிக்கரையில் உள்ள கிளான்மக்னாய்ஸுக்குப் போனது. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

மடாலயத்துக்குப் பின்னால் ஆற்றின் மேல் ஒரு சின்னக் கல் வீடு நிற்கும், கூரை கிடையாது. துறவிகளின் மீன்பிடி வீடு. தரையில் சதுரமாக ஒரு துளை, அதற்குக் கீழே ஆறு. துளை வழியே வலையை இறக்கிவிட்டுத் துறவி பக்கத்துக் கணப்பில் குளிர் காயலாம். மீன் விழுந்தால் சமையலறைக்கு இழுக்கும் கயிற்றில் மணி அடிக்கும் என்று ஒரு வழக்குக் கதை உண்டு. மணிக்குச் சான்று கிடையாது, துளைக்கு உண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கப் போவது இதுதான்.

கடைவீதியில் ஒரு கல் சிலுவை இருக்குமே, கவனித்தீர்களா? அதன் அடிக்கல் இடைக்காலத்தது. நிக்கோல், கில்பர்ட் ஓ'டஃபி என்ற இரண்டு மடாதிபதிகளுக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லி ஐரிஷ் மொழியில் வெட்டியிருக்கிறது. வண்டிகள் ஒதுங்கிப் போகிற இடத்தில் நிற்பதால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

வன்னிக்குயில்
ஏட்டுச்சுவடி ஐயா, காங் சிலுவையை விட்டுவிட்டீர்களே? டப்ளின் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். அவ்வளவு வடிவான பொருள் அந்த ஊரில் இல்லை என்பதே எனக்குக் கவலை.

ஏட்டுச்சுவடி
வேண்டுமென்றுதான் தள்ளி வைத்தேன், அது தனிக் கதை. டர்லோவுக்கு 1120-களில் ரோமிலிருந்து மெய்ச்சிலுவையின், அதாவது இயேசுவை அறைந்ததாக நம்பப்படும் சிலுவையின், ஒரு துணுக்கு கிடைத்தது. அதை வைத்து ஊர்வலம் போகச் செய்த பேழைதான் இந்தச் சிலுவை. உள்ளே கருவாலி மரம், மேலே வெண்கலம், பொன் பூச்சு, நடுவில் ஒரு பெரிய பளிங்கு. அந்தப் பளிங்குக்குப் பின்னால்தான் துணுக்கு இருந்தது. உயரம் 76 சென்டிமீட்டர். செய்தவர் பெயரே பக்கத்தில் வெட்டியிருக்கிறது: மேல் ஈசு. அரசர் பெயரும் ஆயர்கள் பெயரும் கைவினைஞர் பெயரும் ஒரே பொருளில் வருவது லேசில் கிடைக்காது.

இது முதலில் டுவாம் தேவாலயத்துக்காகச் செய்யப்பட்டு, பிறகு காங்குக்கு வந்தது என்பது பொதுவான கருத்து. மடாலயம் கலைக்கப்பட்ட பிறகும் ஊரிலேயே மறைந்து கிடந்தது. 1829-இல் இறந்த, பட்டத்தளவில் கடைசி மடாதிபதியான பிரென்டர்காஸ்ட் பாதிரியார் அதைத் தம் வீட்டில் வைத்திருந்தார். 1839-இல் டிரினிட்டி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஜேம்ஸ் மக்கல்லா 100 கினி கொடுத்து வாங்கி ராயல் ஐரிஷ் அகாதமிக்குக் கொடுத்தார். அவர் பணக்காரர் இல்லை, சேமிப்பைத்தான் போட்டார். ஒளியியலில் பெரிய வேலை செய்தவர் அவர். இந்தச் சிலுவையால்தான் தொல்பொருள் உலகில் அவர் பெயர் நிற்கிறது.

வன்னிக்குயில்
விற்றவருக்கு விற்க என்ன உரிமை என்பதுதான் என் கேள்வி. ஊர்ச்சொத்து அது. ஒரு வருடமாவது காங்கில் வைத்தால் என்ன?

ஏட்டுச்சுவடி
2010-இல் மேயோவிலேயே டர்லோ பூங்காவில் உள்ள கிராமிய வாழ்வு அருங்காட்சியகத்துக்குக் கொண்டு வந்து வைத்தார்கள். காங்கிலிருந்து அது ஒரு மணி நேரப் பயணத்துக்குள். சின்ன ஊரில் ஈரப்பதம், காவல், காப்பீடு எல்லாம் யார் பார்ப்பது? உணர்ச்சி புரிகிறது. ஆனால் 1839-இல் அதை யாரும் வாங்கியிருக்காவிட்டால் உருக்கித்தான் போயிருக்கும். அந்தக் காலத்தில் எத்தனையோ பொன் பொருட்கள் அப்படித்தான் போயின.

வன்னிக்குயில்
உருக்காமல் பத்து தலைமுறை ஒளித்து வைத்ததே அந்த ஊர்ச் சனம்தான், ஐயா. அதையும் கணக்கில் எடுங்கள்.

சுண்ணாம்புக்கல்
சிலுவைச் சண்டை நடக்கட்டும். நான் சிவில் இன்ஜினியர். என் ஓட்டு வாய்க்காலுக்கு.

காரிப்கரை, நீங்கள் பிள்ளைகளை மடாலயத்தில் தொடங்க வைக்காதீர்கள். காங்கை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தால் வெட்டுக்கல் பதித்த ஒரு பெரிய வாய்க்கால் ஓடும். ஓடும் என்று சொல்வதே தப்பு, கோடையில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். அடியில் புல்லும் செடியும் மண்டியிருக்கும். படகை ஏற்றி இறக்கும் பூட்டுவாயில் கட்டிய இடத்தில் சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். கல்லோடு கல் சேரும் இடத்தில் கத்தி நுழையாது. கதவு பொருத்த வெட்டிய பள்ளம் வரை தயாராக இருக்கிறது. படகு மட்டும் வரவேயில்லை.

காரணம் தரைக்குக் கீழே. மாஸ்க் ஏரி மேட்டில், காரிப் ஏரி பள்ளத்தில். நடுவே சுமார் 5 கிலோமீட்டர் நிலம். வரைபடத்தில் பார்த்தால் இரண்டையும் இணைக்கும் ஆறு எங்கே என்று தேடுவீர்கள். தரை மேல் இல்லை. அத்தனை தண்ணீரும் சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் இறங்கி, நிலத்தடி ஆறுகளாக வந்து, காங் ஊருக்குள்ளே திடீரென்று பொங்கி மேலே வருகிறது. ஊரைச் சுற்றி ஓடைகள் வளைத்திருப்பதும், ஒரு தீவில் நிற்பது போல ஊர் இருப்பதும் அதனால்தான். சுண்ணாம்புக்கல்லை மழைநீர் லேசான அமிலமாகக் கரைத்துக் கரைத்து இடுக்குகளைக் குகைகள் ஆக்கிவிட்டது. இப்படிச் சல்லடையான பாறையில் வாய்க்கால் வெட்டினால் என்ன ஆகும்?

ஊரை விட்டு ஒரு மைல் போனால் புறாக் குகை என்று ஒன்று. காட்டுக்குள் கல் படிக்கட்டு செங்குத்தாக இறங்கும். கீழே போனால் நிலத்தடி ஆறு ஓடும் சத்தம் கேட்கும், டார்ச் அடித்தால் தண்ணீரே தெரியும். படி எப்போதும் பாசி பிடித்து வழுக்கும். சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துத்தான் இறக்க வேண்டும். அந்தக் குகையைப் பார்த்த பிறகு வாய்க்காலுக்குக் கூட்டிப் போங்கள். தண்ணீர் எங்கே போனது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மழைக்கோட்டு
இந்தக் கதை எனக்குத் தெரியும்! பஞ்ச காலத்தில் பட்டினி கிடந்த ஆட்களை வைத்து வருடக்கணக்கில் வெட்டினார்கள். திறப்பு விழா அன்று பிரபுக்கள் எல்லாம் வந்து நிற்க, மதகைத் திறந்தார்களாம். தண்ணீர் வந்த வேகத்தில் தரைக்குள் போய்விட்டதாம். அரசாங்கத்தின் மூஞ்சியில் கரி.

ஏட்டுச்சுவடி
மழைக்கோட்டு, நல்ல கதைதான். நடந்தது அப்படி இல்லை. வேலை தொடங்கியது 1848-இல், பொதுப்பணி வாரியத்தின் கீழ், சாமுவேல் அஷர் ராபர்ட்ஸ் என்ற பொறியாளர் மேற்பார்வையில். 1854 வசந்தத்தில், வேலை முடியும் தறுவாயில், படகுப் போக்குவரத்துக்கான வேலையை நிறுத்துங்கள், வடிகாலாக மட்டும் முடியுங்கள் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. ஆக, பிரபுக்கள் முன்னால் தண்ணீர் மாயமாகிய திறப்பு விழா எதுவும் இல்லை.

இன்னொன்று. பஞ்ச நிவாரணக் கூலி வேலைகள் பெரும்பாலும் 1847-லேயே மூடப்பட்டுவிட்டன. அந்த வருடம் கூலிக்குப் பதில் கஞ்சித்தொட்டிக்கு அரசு மாறியது. காங் வாய்க்கால் தனியாக ஒரு வடிகால், நீர்வழித் திட்டம். பட்டினியில் இருந்தவர்களுக்கு அந்தக் கூலி உயிர் பிழைக்க உதவியது என்பது உண்மைதான். ஆனால் வெறும் மண்ணை வெட்டி மண்ணைப் போட்ட நிவாரண ரோடுகளோடு இதைச் சேர்க்கக் கூடாது.

சுண்ணாம்புக்கல்
ஏட்டுச்சுவடி சொல்வது சரி, உத்தரவு வந்தது. ஏன் வந்தது என்பதில்தான் விஷயம். பாறை ஒழுகும் என்பது ராபர்ட்ஸுக்குத் தெரியாமல் இருந்திருக்காது, நிலத்தடி ஆறுகளை ஊரே அறியும். களிமண் குழைத்து அடியில் பூசினால் ஒழுக்கை அடைக்கலாம். அதற்குப் பணம் வேண்டும். அதே சமயத்தில் 1851-இல் டப்ளினிலிருந்து கால்வேக்கு ரயில் வந்துவிட்டது. படகில் சரக்கு யார் அனுப்பப் போகிறார்கள்? இதே திட்டத்தின் தெற்கு முனையில் கால்வே நகருக்குள் எக்லிண்டன் வாய்க்கால் 1852-இல் திறந்து, காரிப் ஏரியிலிருந்து கடலுக்குப் படகு போனது. கால்வேயில் இருக்கிறவர்கள் தினமும் அதன் ஓரமாக நடக்கிறீர்கள். அதன் மறுமுனைதான் காங்கில் காய்ந்து கிடக்கிறது. இரண்டு முனையையும் ஒரே நாளில் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும்.

ஒரு திருத்தமும் சேர்த்துக்கொள்கிறேன். குளிர்காலத்தில் மழை வலுத்தால் அதில் தண்ணீர் வரும். வெள்ள வடிகாலாக அது இன்றும் வேலை செய்கிறது. "உலகின் மிகப் பெரிய பொறியியல் முட்டாள்தனம்" என்று சுற்றுலாப் பலகைகளில் எழுதுவது என் தொழிலுக்கு அவமானம்.

காரிப்கரை
பஞ்சம் என்றதும் பிள்ளைகள் கேட்பார்கள். மேயோவில் எவ்வளவு பேர் இறந்தார்கள் என்று சொல்ல முடியுமா?

ஏட்டுச்சுவடி
மக்கள்தொகையைச் சொல்லுங்கள். மேயோ கவுண்டியில் 1841-இல் சுமார் 3,89,000 பேர். 1851-இல் சுமார் 2,74,000. செத்தவர்களும் கப்பல் ஏறியவர்களும் சேர்ந்ததுதான் இந்த இறக்கம். உருளைக்கிழங்கு அழுகியது 1845-இல் தொடங்கியது. மேயோவில் அதைத் தவிர வேறொன்றையும் நம்பிப் பிழைக்க முடியாத ஏழைகள் ஏராளம். 1841, 1851 குடும்பவாரிக் கணக்கு ஏடுகள் 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் எரிந்ததில் பெரும்பாலும் போய்விட்டன. அதனால் காங்கில் எந்தக் குடிசையில் யார் இருந்தார் என்று அந்தக் காலத்துக்குத் தேட முடியாது. 1901, 1911 கணக்கு முழுதாக இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசம். ஊர்ப் பெயரைப் போட்டால் வீடு வீடாக வரும். சுவர் கல்லா மண்ணா, கூரை ஓலையா ஸ்லேட்டா, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் காவலர் எழுதியிருப்பார். வீட்டில் யார் ஐரிஷ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியுமா என்றும் இருக்கும். பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு வீட்டைக் கொடுத்து, அந்த வீட்டுக் கதையைத் தமிழில் எழுதி வரச் சொல்லலாம்.

வன்னிக்குயில்
கோட்டையை யாரும் தொடவில்லை. ஆஷ்ஃபோர்ட் கோட்டை என்று இன்று ஒரு இரவுக்குச் சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத வாடகை வாங்கும் ஹோட்டல். 1852-இல் பீர் வியாபாரி பெஞ்சமின் கின்னஸ் வாங்கினார். பஞ்சத்தில் கடன்பட்டு நொடிந்த நிலக்கிழார்களின் நிலங்கள் ஏலத்துக்கு வந்த காலம். அவர் கையிலும் மகன் ஆர்டிலான் பிரபு கையிலும் அந்தப் பண்ணை 26,000 ஏக்கர் வரை போனது. மடாலயத்துக்குப் புதுக் கல் வெட்டிக் கொடுத்த வள்ளல்கள் என்று நீங்கள் சொன்ன குடும்பம்தான் இது. அந்தக் கல்லுக்கான காசு எங்கிருந்து வந்தது?

மழைக்கோட்டு
நேராகச் சொன்னால், டப்ளினில் விற்ற கருப்பு பீரிலிருந்து வந்தது, அக்கா. குடியானவர் வாடகையை நம்பி இருந்த குடும்பம் இல்லை அது. மரம் நட்டார்கள், ரோடு போட்டார்கள், ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கொடுத்தார்கள். அந்தப் பகுதியின் மற்ற பிரபுக்களோடு ஒப்பிட்டால் நல்லவர்கள் என்று அங்கேயே பலர் சொல்வார்கள்.

ஏட்டுச்சுவடி
நல்ல பிரபு, கெட்ட பிரபு என்று பிரிப்பதே அந்தக் காலத்து மனநிலை. 1882 ஜனவரியில் ஆர்டிலானின் வாடகை வசூல்காரர் ஜோசப் ஹடியும் உடன் போன இளைஞன் ஜானும் மாஸ்க் ஏரிக்கரையில் கிளாப்ராக் என்ற இடத்தில் கொல்லப்பட்டார்கள். உடல்களைக் கல் கட்டி ஏரியில் போட்டார்கள். கடற்படை ஆட்கள் வந்து தேடி எடுத்தார்கள். "நல்ல பிரபு"வின் வசூலுக்குப் போனவர்கள்தான் அவர்கள். நிலம் யாருக்கு என்ற கேள்விக்கு முன்னால் மரம் நட்டதெல்லாம் யாருக்கும் தெரியவில்லை.

அதே 1882 ஆகஸ்டில், ஏரியின் மேற்குப் பக்கம் மாம்ட்ராஸ்னாவில் ஜாய்ஸ் குடும்பத்தினர் ஐந்து பேர் தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் மைல்ஸ் ஜாய்ஸ் என்பவர் ஐரிஷ் மட்டுமே தெரிந்தவர். டப்ளினில் ஆங்கிலத்தில் நடந்த விசாரணையில் தனக்கு எதிராக என்ன சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரியாது. அவரோடு தூக்கில் தொங்க இருந்த இருவரும் அவர் குற்றமற்றவர் என்று சொன்னார்கள். ஆனாலும் 1882 டிசம்பர் 15 அன்று கால்வே சிறையில் தூக்கிலிட்டார்கள். 2018-இல்தான் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். பெரிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். சின்னவர்களுக்கு வேண்டாம்.

காரிப்கரை
இந்த வட்டாரத்தில்தானே, புறக்கணிப்பைக் குறிக்கும் பாய்காட் என்ற ஆங்கிலச் சொல் பிறந்த கதையும்?

ஏட்டுச்சுவடி
ஆமாம். காங்கிலிருந்து வண்டியில் கால் மணி நேரம். நீல் என்ற ஊருக்கும் பாலின்ரோப் நகருக்கும் இடையில், மாஸ்க் ஏரிக்கரையில் லாக் மாஸ்க் மாளிகை. சார்ல்ஸ் கன்னிங்ஹம் பாய்காட் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்தவர், முன்னாள் ராணுவ அதிகாரி. ஏர்ன் பிரபுவின் நிலத்துக்கு ஏஜென்ட். பிரபு வசித்தது ஃபெர்மானாவில், பாய்காட் குத்தகை வசூலித்துக் கொடுப்பார், தனக்கும் பண்ணை வைத்திருந்தார்.

1879-இல் விளைச்சல் படுத்துவிட்டது. குடியானவர்கள் வாடகையில் நான்கில் ஒரு பங்கு தள்ளுபடி கேட்டார்கள். பிரபு பத்தில் ஒரு பங்கோடு நிறுத்தினார். 1880 செப்டம்பர் 19 அன்று என்னிஸ் நகரில் குடியானவர்களின் நிலச் சங்கத் தலைவர் பார்னெல் பேசினார்: வெளியேற்றப்பட்டவன் நிலத்தை எடுப்பவனை ஊரே ஒதுக்கி வையுங்கள், ரோட்டில், கடையில், கோயிலில் பேசாதீர்கள் என்று. மூன்று நாள் கழித்து வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க ஆள் வந்தார். பெண்கள் கல்லும் சேறும் சாணியும் எறிந்து துரத்தினார்கள். அதற்கப்புறம் பாய்காட் வீட்டு வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் லாடம் அடிக்கவில்லை, துணி வெளுப்பவர் வரவில்லை, பாலின்ரோப் கடைகளில் ரொட்டி கிடைக்கவில்லை, தபால் கொண்டுவரும் பையன் கூட நின்றுவிட்டான். நீல் பங்குத்தந்தை ஜான் ஓ'மாலி ஊரைக் கட்டுக்குள் வைத்தார், ரத்தம் சிந்த விடவில்லை.

பாய்காட் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வடக்கே கேவன், மொனாகன் பகுதியிலிருந்து 50 ஆரஞ்சுக்காரர்கள், அதாவது பிரிட்டன் பக்கம் நின்ற புராட்டஸ்டண்ட் சங்கத்தினர், அறுவடை செய்ய வந்தார்கள். அவர்களுக்குக் காவல் ஏறக்குறைய ஆயிரம் ராணுவத்தினரும் காவலர்களும். நவம்பர் மழை, சேற்றில் கூடாரம். காவலுக்கு வந்த படையே அவர் தோட்டத்து மரத்தை வெட்டி எரித்தது, கோழிகளைத் தின்றது. சுமார் 500 பவுண்டு பெறுமான விளைச்சலைக் காப்பாற்ற அரசுக்கு 10,000 பவுண்டு செலவு. ஒரு டர்னிப்புக்கு ஒரு ஷில்லிங் என்றார் பார்னெல். நவம்பர் 27 அன்று அவர் வீட்டை விட்டுக் கிளம்பியபோது வண்டி ஓட்ட ஒருவரும் வரவில்லை. ராணுவ ஆம்புலன்ஸில்தான் போனார்.

தேரிக்காடு
இதைப் படிக்கும்போது 1908 தூத்துக்குடி நினைவுக்கு வருகிறது. கோரல் மில் வேலைநிறுத்தத்தை ஒட்டி வெள்ளைக்காரன் பக்கம் பேசியவர்களுக்கு நாவிதர்கள் சவரம் செய்ய மறுத்தார்கள். ஒரு வக்கீலைப் பாதி சவரத்தோடு எழுப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். சுதேசி இயக்கத் தலைவர்கள் ஐரிஷ் நிலப் போராட்டத்தைப் படித்தவர்கள்தான்.

நெறியாளர்
தேரிக்காடு, நல்ல இணைப்பு. வ.உ.சி. பற்றித் தனி இழை ஓடுகிறது, அங்கே தொடருங்கள். இங்கே காங்.

சுண்ணாம்புக்கல்
பாய்காட் வீடு தனியார் சொத்து என்று நினைவில் வையுங்கள், காரிப்கரை. பேருந்தோடு போய் வாசலில் நிற்க வேண்டாம். நீல் ஊரில் நிறுத்தினால் போதும். அங்கே ஒரு வயலுக்குள் படிப்படியாகக் கட்டிய பிரமிடு ஒன்று நிற்கும், 18-ஆம் நூற்றாண்டில் நிலக்கிழார் பிரவுன் குடும்பம் அழகுக்காகக் கட்டியது. பாய்காட் காலத்துக் குடியானவர்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வாடகை கட்டப் போனார்கள்.

மழைக்கோட்டு
சின்னப் பிள்ளைகளுக்கு இத்தனை கொலையும் தூக்கும் கனம். புறாக் குகையின் வெள்ளை மீன் கதையைச் சொல்லுங்கள். காதலன் கொலையான துக்கத்தில் காணாமல் போன ஒரு பெண், குகை ஆற்றில் வெள்ளை டிரவுட் மீனாகத் திரிந்தாள். யாரும் பிடிப்பதில்லை. ஒரு முரட்டுச் சிப்பாய் பிடித்து வாணலியில் போட்டான். எத்தனை புரட்டினாலும் வேகவில்லை. கத்தியை வைத்தான், மீன் துள்ளிக் கீழே விழுந்து பெண்ணாக எழுந்து நின்றாள், கையில் ரத்தம். என்னைக் கொண்டுபோய் ஆற்றில் விடு என்று திட்டினாள். கொண்டுபோய் விட்டான். அன்றிலிருந்து அந்த மீனின் பக்கத்தில் சிவப்பு மறு இருக்கிறதாம்.

ஏட்டுச்சுவடி
இப்படிப்பட்ட கதைகள் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால், 1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு நோட்டில் எழுதிய நாட்டார் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. சுமார் 5,000 பள்ளிகள். காங் சுற்றுவட்டாரப் பள்ளிகளும் உண்டு, சிலவற்றைப் பிள்ளைகளின் சொந்தக் கையெழுத்திலேயே படிக்கலாம். உங்கள் பிள்ளைகளின் வயதுதான் எழுதியவர்களுக்கும்.

கூடவே, ஆஸ்கர் வைல்டின் தந்தை வில்லியம் வைல்ட் டப்ளினில் கண், காது மருத்துவர். காங்குக்குப் பக்கத்தில் 1865-இல் மொய்டுரா மாளிகை கட்டினார். அங்கே உள்ள கற்குவியல்களையும் கல்வட்டங்களையும் அளந்து, ஃபிர் போல்க் கூட்டத்துக்கும் டுவாதா டே டானன் கூட்டத்துக்கும் நடந்த புராணப் போர் இந்தச் சமவெளியில்தான் நடந்தது என்று 1867-இல் காரிப் ஏரி நூலில் வாதாடினார். ஒரு குன்றில் தோண்டி எடுத்த ஈமத்தாழியை "ஒற்றை வீரனின்" தாழி என்று புராணத்தோடு முடிச்சுப் போட்டார். இன்றைய தொல்லியலாளர்கள் அதை ஒப்புவதில்லை. அந்தக் கற்குவியல்கள் புராணத்துக்கு வெகு முந்தைய புதைமேடுகள். ஆனாலும் அவர் அளந்து வைத்த குறிப்புகள் இல்லாவிட்டால் பல இடங்கள் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

காரிப்கரை
நிறைய ஆகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. ஒரு நாளில் எதை விடுவது, எதைப் பார்ப்பது? பேருந்து காலை பத்துக்குக் காங் போய்ச் சேரும், மாலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டும்.

சுண்ணாம்புக்கல்
குகை, வாய்க்கால், தண்ணீர் பொங்கும் இடம், மீன்பிடி வீடு, மடாலயம். இந்த வரிசை. தண்ணீரைப் பின்தொடர்ந்து நடந்தால் ஊர் வந்துவிடும், ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மதியத்துக்குப் பிறகு நீல்.

வன்னிக்குயில்
கோட்டைக்குள் போக வேண்டாம், வெளியே நின்று பார்த்தால் காணும். மைல்ஸ் ஜாய்ஸின் கதையைப் பேருந்தில் திரும்பும்போது பெரிய பிள்ளைகளுக்கு யாராவது சொல்லுங்கள்.

மழைக்கோட்டு
சிலை பக்கத்தில் ஒரு குழுப்படம் மட்டும் எடுத்துவிடுங்கள், பெற்றோர் கேட்பார்கள். எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ், மாற்றுக் காலுறை கட்டாயம். ஜூலையிலும் அந்தப் படிக்கட்டு காயாது.